திறந்த மூலமும் திறவாத முற்றமும்

ஒரு நூலின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நூலைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. முன்னுரை சொல்வதும் நூல் செய்வதும் பல இடங்களில் வேறுபடும். பெருநிறுவனங்களின் அறிவிப்புகளையும் இவ்வாறே அணுகுதல் வேண்டும். மைக்ரோசாப்ட் என்னும் அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 'திறந்த மூலம்' என்னும் நெறியைத் தழுவிக்கொண்ட வரலாறு இத்தகைய ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. அந்நிறுவனம் சொன்னது யாது, செய்தது யாது, அதனால் தமிழுக்கு விளைந்தது யாது என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்துக் காணும்போதே உண்மை புலப்படும்.

மூலம் என்பது யாது?

தமிழாசிரியர்க்கு 'மூலம்' என்ற சொல் புதியதன்று. மூலபாடம், மூலமும் உரையும் என்பன அவர்கள் நாளும் வழங்கும் தொடர்கள். கணினித் துறையிலும் இச்சொல் ஏறத்தாழ அப்பொருளிலேயே வழங்குகிறது. மென்பொருளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நிரலாளர் எழுதுவதும், கற்றார் எவரும் படித்து அறியக்கூடியதும் ஒன்று, அதுவே மூலநிரல். அதனைக் கணினி இயக்குவதற்கேற்ப எண்களாக மாற்றிய வடிவம் மற்றொன்று. இரண்டாவதை மட்டும் பெற்றவர் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அஃது எவ்வாறு இயங்குகிறது என்று அறியவோ, பிழை கண்டவிடத்துத் திருத்தவோ அவரால் எளிதில் இயலாது.

தொல்காப்பிய மூலம் ஒருவர் பெட்டியில் பூட்டப்பட்டு, அவர் கூறிய பொருள் மட்டுமே பிறர்க்குக் கிடைத்திருந்தால், இளம்பூரணர் கருத்தைச் சேனாவரையர் மறுத்திருக்க இயலாது. திருக்குறளின் மூலம் பலர் கையிலும் இருந்தமையாலன்றோ அதிகாரத்துக்குள் குறள்களை மணக்குடவர் ஒரு முறையிலும் பரிமேலழகர் வேறொரு முறையிலும் வரிசைப்படுத்த முடிந்தது! மூலத்தைப் படிக்கவும், படியெடுக்கவும், மாற்றி அமைக்கவும், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கவும் உள்ள உரிமையே திறந்த மூலத்தின் உயிர்.

விலையின்மையும் திறந்த மூலமும் ஒன்றென மயங்குவார் உளர். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் கைப்பேசிகளில் விலையின்றிக் கிடைப்பது. தமிழுக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் விலையின்றிக் கிடைத்தல் வேறு. மூலம் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேறு. முன்னது கொடையாளரின் கருணையைப் பொறுத்தது. பின்னது பெறுவோரின் உரிமையைப் பொறுத்தது.

சொல் மாறிய வரலாறு

மைக்ரோசாப்ட் 1975-இல் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்க்கு வெளிப்படையான மடல் ஒன்று விடுத்தார். தங்கள் பேசிக் மென்பொருளை விலை கொடாமல் படியெடுத்துக்கொள்வது திருட்டு என்பது அம்மடலின் சாரம். நிறுவனத்தின் பிற்காலப் போக்கிற்கு அதுவே பாயிரம் எனலாம்.

1998-இல் அந்நிறுவனத்தின் உள்ளறிக்கைகள் சில வெளியே கசிந்தன. லினக்ஸ் முதலிய திறந்த மூல முயற்சிகள் தன் வணிகத்திற்கு உண்மையான அச்சுறுத்தல் என அது கருதியமை அவற்றால் விளங்கிற்று. அதே ஆண்டில், அமெரிக்க அரசு தொடுத்த தனியுரிமை வணிக வழக்கில் இண்டல் நிறுவன அலுவலர் ஒருவர் சான்று பகர்ந்தார். பொது நெறிகளை முதலில் தழுவுதல், பின் தன் சேர்க்கைகளால் நீட்டுதல், இறுதியில் அழித்தல் என்பது மைக்ரோசாப்டின் உத்தி என்று அவர் கூறினார். 2001-இல் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் பால்மர், அறிவுடைமை நோக்கில் லினக்ஸ் ஒரு புற்றுநோய் என்று செய்தியாளரிடம் பேசினார்.

பின்னர்க் காற்று மாறியது. 2009 ஜூலையில் லினக்ஸ் கருவுக்கென ஏறத்தாழ 20,000 வரி நிரலை அந்நிறுவனமே வழங்கியது. உரிம விதிக்கு உடன்பட வேண்டிய கட்டாயமும் அக்கொடைக்குப் பின்னால் இருந்தது என்று லினக்ஸ் நிரலாளர் ஒருவர் அப்பொழுதே எடுத்துக்காட்டினார். 2014 பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா தலைமை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் தம் நிறுவனம் லினக்ஸை நேசிக்கிறது என்று அறிவித்தார். நவம்பரில் டாட் நெட் என்னும் நிரலாக்கத் தளத்தின் நடுப்பகுதி திறக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2015-இல் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் நிரல் எழுதும் கருவியின் மூலம் வெளியாயிற்று. 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையில் நிறுவனம் உறுப்பினராயிற்று. 2018-இல் 60,000-க்கு மேற்பட்ட காப்புரிமைகளைத் திறந்த மூலக் காப்புக் கூட்டமைப்பு ஒன்றிற்குள் கொணர்ந்தது. 2020-இல் அதன் தலைவர் பிராட் ஸ்மித், திறந்த மூலம் பற்றிய செய்தியில் தம் நிறுவனம் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றது என்று ஒப்புக்கொண்டார். 2025-இல், 1970-களின் பேசிக் மென்பொருள் ஒன்றின் மூலமே எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. கேட்ஸின் மடல் வெளிவந்து ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்குப் பின் அம்மென்பொருட் குடும்பத்தின் பூட்டு இவ்வாறு திறந்தது.

இம்மாற்றம் மனமாற்றமா, வணிகத் தந்திரமா என்ற வினாவைச் சுற்றியே பெரும்பாலும் வாதம் நிகழ்கிறது. புகழ்வோர் தலைவரின் பெருந்தன்மையைப் பேசுவர். ஐயுறுவோர் 1998-ஆம் ஆண்டின் சான்றை நினைவூட்டுவர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நிறுவனத்தின் வருவாய் பெட்டியில் விற்கும் மென்பொருளிலிருந்து, தொலைவிலுள்ள கணினிகளை வாடகைக்கு விடும் தொழிலுக்குப் பெரிதும் நகர்ந்துவிட்டது. அவ்வாடகைக் கணினிகளில் பெரும்பகுதி இயங்குவது லினக்ஸ் மீது. வாடிக்கையாளர் விரும்புவதை வணிகர் வெறுத்துக்கொண்டிருக்க இயலாது. ஆகலின் நெஞ்சை ஆராய்வதால் பயனில்லை. நூலாசிரியரின் நெஞ்சத்தை விட்டு நூலையே ஆராய்வது போல, திறக்கப்பட்டது எது, திறக்கப்படாதது எது என்று பிரித்துக் காண்பதே தக்கது.

திறந்ததும் திறவாததும்

திறக்கப்பட்டவை பெரும்பாலும் நிரலாளர் கையாளும் கருவிகள். விண்டோஸ் இயங்குதளமும், ஆசிரியரும் எழுத்தரும் நாளும் தட்டெழுதும் வேர்டும் இன்றளவும் பூட்டப்பட்டவையே. உழவனுக்குக் கொல்லன் பட்டறையின் கதவு திறந்தது. களஞ்சியக் கதவு திறக்கவில்லை.

திறந்தவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்பதன் மூலம் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் உள்ளது. ஆனால் நிறுவனம் தன் பெயரோடு வழங்கும் ஆயத்த வடிவம் வேறோர் உரிமத்தின் கீழ் வருகிறது. பயன்பாட்டுச் செய்திகளைத் திரட்டும் பகுதியும் அதில் உண்டு. அக்கருவிக்கான துணைமென்பொருள்களை நிறுவனத்தின் சந்தையிலிருந்து பெறும் உரிமை, விதிப்படி, நிறுவனத்தின் சொந்தப் படைப்புகளுக்கே உரியது. இவற்றை விரும்பாத தன்னார்வலர் அதே மூலத்திலிருந்து வி.எஸ்.கோடியம் என்னும் மற்றொரு வடிவத்தைச் செய்து வழங்குகின்றனர். மூலம் உண்மையாகத் திறந்திருப்பதற்கு இதுவே சான்று. மூலத்தைச் சூழ்ந்தவை திறந்திருக்கவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

2021 அக்டோபரில் நிகழ்ந்த ஒன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே திருத்தும் வசதி ஒன்று டாட் நெட்டின் திறந்த பகுதியில் சேர்க்கப்பட்டிருந்தது. வெளியீட்டிற்குச் சற்று முன் நிறுவனம் அதனை நீக்கி, தன் விற்பனைக் கருவிக்கே உரியதாக்க முயன்றது. நிரலாளர் உலகம் கண்டித்தது. சில நாட்களுக்குள் அவ்வசதி திரும்பச் சேர்க்கப்பட்டது. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். மூலத்தைத் திறந்த பின்னரும் அடுத்த பதிப்பில் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்னும் ஆட்சி நிறுவனத்திடமே உள்ளது. ஆயினும் மூலத்தைப் படிக்கும் கண்கள் பல இருக்கும்போது அவ்வாட்சி எதேச்சையாக நடத்தற்கு எளிதன்று.

இனி முற்றத்தைப் பற்றி ஒரு சொல். உலகின் திறந்த மூலப் பணிகளுள் மிகப் பலவும் நிகழும் இடம் கிட்ஹப். இதனை 2018-இல் மைக்ரோசாப்ட் 750 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அங்கு வைக்கப்படும் நிரல்கள் திறந்தவை. கிட்ஹப்பை இயக்கும் நிரல் திறந்ததன்று. 2019-இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைச் சட்டங்களின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களில் இருந்தோரின் கணக்குகள் சில கட்டுப்படுத்தப்பட்டன. ஈரானியர்க்கு 2021-இல் அரசின் உரிமம் பெற்று மீண்டும் வழி திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பின் தலைமை அலுவலர் விலகுவதாக அறிவித்தார். அதன்பின் அஃது நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவோடு இணைக்கப்பட்டது. முற்றம் பிறருடையது என்பதை இவை மீண்டும் மீண்டும் நினைவூட்டுகின்றன.

அம்முற்றத்தில் குவிந்த நிரல்களைக் கற்று, கேட்பார்க்குப் புதிய நிரலை எழுதித் தரும் கோபைலட் என்னும் கருவி 2021-இல் அறிமுகமாயிற்று. தங்கள் நிரலில் பெயர் குறிக்க வேண்டும் என்ற உரிம விதி மீறப்பட்டது என்று நிரலாளர் சிலர் 2022-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கோரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் பின்னர்த் தள்ளுபடி செய்தது. சட்டம் எவ்வாறாயினும் அறம் பற்றிய வினா நிற்கிறது. யாப்பருங்கல விருத்தி முதலிய உரைகள் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் குறித்துச் சென்றமையாலன்றோ, மறைந்துபோன தமிழ் நூல்கள் பல இருந்தன என்றாவது அறிய முடிகிறது! பெயரைக் குறித்தல் சிறு செயல். அதனைக் கைவிட்டால் மரபே அறுபடும்.

அளவுகோல்

ஆகவே இக்கொடையை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். நிறுவனம் நாளை தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் எதனைத் திரும்பப் பெற இயலும், எதனைப் பெற இயலாது என்பதே அவ்வளவுகோல். திறந்த உரிமத்தின் கீழ் வெளிவந்து பலர் கைக்குச் சென்ற மூலத்தைத் திரும்பப் பெறுதல் அரிது. அச்சேறிய நூலைத் திரும்ப ஏடாக்க முடியாதது போல. ஆனால் முற்றத்தையும், சந்தையையும், பெயரையும், அடுத்த பதிப்பின் போக்கையும் நிறுவனம் நினைத்தபோது மாற்றலாம். முதல் வகையில் நிறுவனம் செய்தது உண்மையான கொடை, தயங்காமல் பாராட்டத்தக்கது. இரண்டாம் வகையில் அது செய்தது விருந்தோம்பல். நன்றியோடு ஏற்கலாம், சொந்த வீடு என்று எண்ணலாகாது.

இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் பலர் கைக்குச் சென்றது. 1949-இல் அன்றைய சென்னை அரசு அதனை நாட்டுடைமையாக்கிற்று. பின்னர் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. அன்றுமுதல் எந்தப் பதிப்பகம் மூடினாலும் பாரதி மறைவதில்லை. உரிமை பொதுவாயிற்று, படிகள் பல்கின. இவ்விரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு. உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஊர் ஊராகத் தேடிய ஏடுகளிற் பல, ஒரே படியாக இருந்தமையால் செல்லரித்துப் போயிருந்தன என்பதும் ஆசிரியர் அறிந்ததே.

தாசேக் கெலுகோரிலிருந்து நோக்கினால்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறையில் உள்ள தாசேக் கெலுகோர் போன்ற ஊரில் பணியாற்றும் தமிழாசிரியர்க்கு இவை எல்லாம் எவ்வாறு பொருந்தும்? அவ்வூர் வழியே பாடாங் பெசார் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் அகலம் ஒரு மீட்டர். எல்லைக்கு அப்பால் தாய்லாந்துப் பாதையின் அகலமும் அதுவே. ஆதலின் பாங்காக்கிலிருந்து பட்டர்வொர்த் வரை வண்டிகள் ஓட முடிந்தது. பாதை யாருடையது என்பது வேறு. அளவு பொதுவானது என்பது வேறு. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அளவில் அமைந்த பாதைகளாக இருந்தன. ஒருவர் எழுதி அனுப்பியதை மற்றவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு அக்குறையைப் போக்கிற்று. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு அக்குறியீட்டைத் தமிழுக்குக் கொணர்ந்தமை மைக்ரோசாப்ட் செய்த நன்மை. அதனை மறைத்தல் நடுவுநிலைமையாகாது.

ஆயினும் பொது அளவு அமைந்தால் மட்டும் போதாது. 'தாசேக் கெலுகோர்' என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழகச் சொற்பட்டியலைக் கொண்டு செய்த சொற்பிழைதிருத்திக்கு இப்பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அது சிவப்புக் கோடிடும். ஆசிரியர் தம் கணினியில் அப்பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அச்சேர்க்கை அடுத்த பள்ளிக்குத் தானாகச் செல்லாது. மலேசியத் தமிழர் வழங்கும் ஊர்ப்பெயர்களும், உணவுப் பெயர்களும், அலுவலகச் சொற்களும் இவ்வாறே ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே பிழையெனப்பட்டுக்கொண்டிருக்கும். பூட்டிய மென்பொருளில் இதனைத் தீர்ப்பவர் தொலைவிலுள்ள நிறுவனத்தார்; அவர்க்கு மனம் வேண்டும், வணிகக் காரணமும் வேண்டும்.

திறந்த மூலத்தில் நிலை வேறு. லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ் ஆகியவை பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்னும் சொற்பிழைதிருத்தி இரண்டு எளிய கோப்புகளால் இயங்குவது. ஒன்று வேர்ச்சொற்பட்டியல், மற்றொன்று ஒட்டுகள் சேரும் விதிகளின் தொகுதி. 'வீடு' என்னும் ஒரு சொல் 'வீட்டை', 'வீட்டில்', 'வீட்டிலிருந்தும்', 'வீட்டுக்கெல்லாம்' எனப் பல்கும் மொழியில், அவ்விதிகளை யார் எழுத வல்லார்? நிரலாளர் மட்டும் போதார். நன்னூற் புணரியலைக் கற்றுக் கற்பிப்போரே அதற்கு உரியவர். முத்து அண்ணாமலை தொடங்கிய எழில் நிரல்மொழியும், அதனோடு தொடர்புடைய ஓபன் தமிழ் நிரற்றொகுப்பும், தமிழ் எழுத்தையும் சொல்லையும் கணினி கையாளும் வழிகளைத் திறந்த மூலமாகவே வைத்துள்ளன. எ-கலப்பை என்னும் தட்டெழுதும் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் பிறர் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. பின்னர் அது தனி அடிப்படையில் திறந்த மூலமாக எழுதப்பெற்றது. பிறர் நிலத்தில் உழுவோர்க்கு என்றாவது சொந்த நிலத்தின் தேவை புலப்படும் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

மலேசிய அரசும் இந்நெறியை அறியாததன்று. 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூலப் பெருந்திட்டம் ஒன்றை அது வெளியிட்டது. ஆயினும் 2020-இல் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளம் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று பெருநிறுவனங்களின் துணையோடு அமைந்தது. 2024 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் இந்நாட்டில் 220 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. இவற்றால் பள்ளிக்கு வசதி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் வசதி பெருகும்தோறும், ஆசிரியர் ஆக்கிய பயிற்சித் தாளும் சொற்றொகுதியும் பிறர் முற்றத்திலேயே தங்கிவிடும் நிலையும் பெருகுகிறது.

செய்யத்தக்கது யாது?

நிறுவனத்தை வெறுத்து ஒதுங்குதல் வேண்டா. அதனை நம்பி உறங்குதலும் வேண்டா. கிட்ஹப் போன்ற முற்றங்களில் தமிழ்ப்பணி நிகழலாம். அதன் அடிப்படையான கிட் என்னும் மென்பொருள், லினக்ஸ் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. அதுவும் திறந்த மூலமே. அதன் இயல்பு யாதெனில், படியெடுக்கும் ஒவ்வொருவர் கையிலும் நிரல் மட்டுமன்றி, முதல்நாள் தொட்டு அந்நிரல் அடைந்த திருத்தங்களின் வரலாறும் சேர்ந்து வந்துவிடும். எனவே ஒரு படி முற்றத்தில் இருக்கட்டும். மற்றொரு படி பள்ளியில், வேறொன்று நூலகத்தில், இன்னொன்று பல்கலைக்கழகத்தில் இருக்கட்டும். முற்றம் மூடினாலும் மூலம் மறையாது.

அடுத்து, படைப்புக்கு உரிமம் குறித்தல் வேண்டும். சொற்பட்டியலோ பயிற்சி நூலோ ஆக்கிய ஆசிரியர், பிறர் பயன்படுத்தவும் திருத்தவும் இசைவு தருவதை எழுத்தில் குறிக்காவிடில், வாய்ச்சொல்லால் 'எல்லார்க்கும் பொது' என்பது பின்னாளில் பயன்படாது. மூன்றாவதாக, ஒரு வட்டாரத்துத் தமிழாசிரியர் பத்துப்பேர் ஒன்றுகூடினால் மலேசியத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் திறந்த உரிமத்தில் தொகுக்க முடியும். அதற்கு நிரலறிவு வேண்டுவதில்லை. எழுத்திலக்கண அறிவும் பொறுமையும் போதும்.

மைக்ரோசாப்ட் மனம் மாறியதா என்னும் வினாவுக்கு விடை அந்நிறுவனத்திடமே இருக்கட்டும். அது திறந்துவைத்த மூலங்கள் இன்று உலகத்தின் உடைமை. அவ்வளவில் அதன் செயல் நன்று. அது திறவாமல் வைத்திருப்பவை எவை என்று அறிந்துகொள்வதும் கற்றோர் கடன். மூலம் திறந்திருந்தும் படிப்பாரும் திருத்துவாரும் இல்லையெனில், திறந்த ஏடும் பூட்டிய ஏடும் ஒன்றே. தமிழ் மூலங்களுக்கு உரை காண்போர் எந்நூற்றாண்டிலும் இருந்தனர். இந்நூற்றாண்டின் மூலநிரலுக்கும் அவர்கள் தோன்றுவார்களாயின், பெருநிறுவனத்தின் அறிவிப்பு எதுவாயினும் தமிழுக்கு அச்சமில்லை.